தம்பிக்கு ‘பிரெயின் மேப்பிங்’ எடுக்கலாமா?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். குடியாத்தம் பக்கத்திலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார். அவருடைய தம்பிக்கு 22 வயது. ஓர் ஆண்டாகக் காதில் குரல் கேட்கிறது என்கிறான், கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டான். மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்த பிறகு கொஞ்சம் தேறியிருக்கிறான். இ.இ.ஜி. (மூளை மின்னலைப் பதிவு) எடுத்ததில் ‘நார்மல்’ என்று வந்தது. இப்போது சொந்தக்காரர் ஒருவர், “பிரெயின் மேப்பிங் எடுத்தால் என்ன மனநோய் என்று கலர் படமாகவே காட்டிவிடுவார்கள்” என்கிறார். பல ஆயிரம் ரூபாய் செலவு. எடுக்கலாமா? ‘பி300’ என்று ஏதோ படித்தேன், அது இதுதானா?

எடுக்க வேண்டாம் அம்மா. தலையில் எலக்ட்ரோடு வைத்து எடுக்கிற மின்பதிவை மட்டும் பார்த்து, ஒரு தனி ஆளுக்கு ‘இது ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு), இது மனச்சோர்வு’ என்று சொல்லக்கூடிய பரிசோதனை இன்றைக்கு உலகத்தில் எங்கும் இல்லை. வேலூரிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. ஆனால் அதே மின்பதிவுகள் மனநோயைப் பற்றி நமக்கு நிறையச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன, உங்கள் தம்பி கேட்கும் குரலைப் பற்றிக்கூட. இந்த இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைச் சொன்னால்தான் உங்கள் சொந்தக்காரருக்குப் பதில் சொல்ல முடியும். நான் பல ஆண்டுகள் இ.இ.ஜி. அறையில் வேலை பார்த்தவன். அந்த அளவுக்கு விளக்குகிறேன்.

முதலில், எடுத்த இ.இ.ஜி.யைப் பார்ப்போம். ‘நார்மல்’ என்றால் தம்பிக்கு ஒன்றுமில்லை, நடிக்கிறான் என்று பொருள் இல்லை. வீட்டில் யாராவது அப்படிப் பேசினால் உடனே நிறுத்துங்கள். மருத்துவர் அதை எடுக்கச் சொன்னது மனநோயைத் தேட அல்ல, வேறு சிலவற்றை விலக்க. மூளையின் பக்கவாட்டில் உள்ள பொட்டு மடலில் வரும் சில வலிப்புகளில் கை கால் வெட்டாது. இல்லாத குரல் கேட்கும், இல்லாத வாசனை வரும், பயம் வரும். இள வயதில் திடீரென்று புத்தி பேதலித்தது போலத் தொடங்கும் மூளை அழற்சி ஒன்றும் இருக்கிறது. மூளையின் நரம்பணுக்கள் செய்தியை வாங்கிக்கொள்ள வைத்திருக்கும் என்எம்டிஏ ஏற்பிகளை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குவதால் வருவது. 2007-இல்தான் அதை அடையாளம் கண்டார்கள். அதில் பெரும்பாலும் இ.இ.ஜி. மெதுவாகி, கோணலாகத் தெரியும். நம் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. பன்றி நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், அதன் நீர்க்கட்டி மூளையில் தங்குவது. வேலூர் மாவட்டத்தில் மக்களிடையே எடுத்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு இதுதான் காரணம் என்று வந்தது. அதனால் நம் ஊர் மருத்துவர்கள் இ.இ.ஜி., ஸ்கேன் என்று கேட்பது வீண் செலவு வைக்க அல்ல. ஒரே ஒரு நார்மல் இ.இ.ஜி. வலிப்பை முழுசாக விலக்கிவிடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். மற்ற அறிகுறிகளோடு சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

இந்தக் கருவியின் கதையே கொஞ்சம் வேடிக்கையானது. மனிதத் தலையிலிருந்து முதன்முதலில் மின்னலையைப் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர், ஜெர்மனியின் ஜேனா நகரத்தில் வேலை பார்த்தவர். 1924-இல் பதிவு செய்து 1929-இல் வெளியிட்டார். அவர் மனநல மருத்துவர். மனத்தின் ஆற்றலை அளக்கக் கிளம்பியவர். கருவி கடைசியில் பயன்பட்டது வலிப்புக்காரர்களுக்கு. வேலூருக்கும் அந்த வழியாகத்தான் இந்தத் துறை வந்தது. கனடாவின் மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தில், வலிப்பு அறுவை சிகிச்சைக்குப் பெயர்பெற்ற பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் (சிஎம்சி) இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1952-இல் இங்கேயே வலிப்புக்கு மூளை அறுவை சிகிச்சையும் நடந்தது. இன்று நாங்கள் தலையை அளந்து எலக்ட்ரோடு வைக்கும் ‘10-20’ முறையை 1958-இல் வகுத்துக் கொடுத்த ஜாஸ்பரும் அதே மான்ட்ரியல் நிறுவனத்துக்காரர்தான்.

சரி, பி300-க்கு வருவோம். சாதாரண இ.இ.ஜி.யில் தெரிவது மூளையின் மொத்த இரைச்சல். அளவு 20 முதல் 100 மைக்ரோவோல்ட் வரை இருக்கும். ஒரு மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு சத்தம் கேட்டவுடன் அதற்கு மூளை தரும் தனிப் பதில் அதைவிடச் சின்னது. சிலவற்றுக்கு ஒன்றிரண்டு மைக்ரோவோல்ட்தான், இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். அதை எப்படி வெளியே எடுப்பது? லண்டனில் ஜார்ஜ் டாசன் 1951 வாக்கில் ஒரு வழி காட்டினார். அதே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் சத்தம் வந்த கணத்திலிருந்து ஒரு நொடிப் பதிவை வெட்டி எடுத்து, எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி போடுங்கள். இரைச்சல் ஒரு முறை மேலே இருக்கும், ஒரு முறை கீழே இருக்கும், கூட்டினால் தேய்ந்துவிடும். சத்தத்துக்கான பதில் மட்டும் அதே நேரத்தில் அதே திசையில் வருவதால் நிற்கும். 20 மைக்ரோவோல்ட் இரைச்சல், நூறு முறை சராசரி போட்டால் 2-க்கு இறங்கும். 1-க்கு இறக்க நானூறு முறை வேண்டும். எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறையும் என்பதால், இந்தப் பரிசோதனைகள் எல்லாமே நேரம் தின்னும், சலிப்பூட்டும்.

அந்தச் சலிப்புக்கு நடுவே வேலூர் வேறு தன் பங்குக்குத் தொல்லை கொடுக்கும். ஏசி நின்றால் வியர்வை. வியர்வை தோலின் மின்னழுத்தத்தையே மாற்றி, பதிவுக் கோட்டை மேலும் கீழுமாக இழுக்கும். தலை நிறையத் தேங்காய் எண்ணெய் இருந்தால் எலக்ட்ரோடு ஒட்டாது. எர்த் சரியில்லாவிட்டால் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அலை மூளையலை மாதிரியே வந்து உட்கார்ந்துகொள்ளும். கண் சிமிட்டினால் நூறு மைக்ரோவோல்ட்டுக்கு மேல் எகிறும், தேடுகிற பதிலோ பல சமயம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பதிவை எடுத்தவர் யார், எப்படி எடுத்தார் என்பது தெரியாமல் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்புறம் ஒரு விஷயம். கிராமத்திலிருந்து வருபவர்கள் பலர் “கரண்ட் வைப்பீங்களா?” என்று பயந்துகொண்டே உட்காருவார்கள். இதில் தலைக்குள் எதுவும் செலுத்துவதில்லை. மூளையிலிருந்து தோல் வரை கசிந்து வருவதை அளக்கிறோம், அவ்வளவுதான். ஷாக் சிகிச்சை என்பது முற்றிலும் வேறு.

1965-இல் சாமுவேல் சட்டனும் அவர் குழுவும் கண்டதுதான் பி300. வழக்கமாக இப்படிச் செய்வோம். ஹெட்போனில் ஒரே மாதிரி ‘டொக்’ சத்தம் வந்துகொண்டே இருக்கும். ஐந்தில் ஒன்று மட்டும் வேறு சுருதியில் வரும். அதை எண்ணச் சொல்வோம், அல்லது பட்டனை அழுத்தச் சொல்வோம். அந்த வேறு சத்தம் வந்து ஏறக்குறைய 300 மில்லிநொடி கழித்து, உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் பெரிய அலை ஒன்று எழும். காது கேட்டதற்கான பதில் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. இது ‘ஓ, இது வேறே’ என்று மனம் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும் நேரம். சட்டன் குழு 1967-இல் இன்னொன்றைக் காட்டியது. வர வேண்டிய நேரத்தில் சத்தம் வராமல் போனாலும் இந்த அலை வருகிறது. ஒன்றுமே நடக்காததற்கு மூளை பதில் தருகிறது! என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே அழகான சோதனை இதுதான். வெளியிலிருந்து வந்ததை மட்டுமல்லாமல், உள்ளே இருந்த எதிர்பார்ப்பையும் அளக்க முடியும் என்பது அதில் தெளிவாயிற்று.

ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களிடம் பி300 அலை சிறிதாக இருக்கிறது என்று 1972-லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு பல நாடுகளில் பார்த்தும் அது மாறவில்லை. ஆனால் ஒரு குறை உண்டு. பி300 வர வேண்டுமென்றால் ஆள் கவனித்து எண்ண வேண்டும். சோர்ந்திருப்பவர், மாத்திரையில் தூங்கி வழிபவர், சொன்னது புரியாதவர் என யாருக்கும் சின்னதாகத்தான் வரும். அலை குறைந்தது நோயாலா, ஆர்வமின்மையாலா?

இதற்கு மாற்றாக வந்தது மிஸ்மேட்ச் நெகட்டிவிட்டி, சுருக்கமாக எம்எம்என். பின்லாந்தின் ரிஸ்டோ நாட்டனென் 1978-இல் எழுதியது. இதில் ஆள் ஒன்றுமே செய்ய வேண்டாம். சத்தமில்லாமல் ஒரு படம் பார்த்துக்கொண்டிருக்கலாம். பின்னணியில் ஒரே சத்தத் தொடர் ஓடும், நடுவே ஒன்று மாறும். கவனிக்காமலேயே, 100 முதல் 250 மில்லிநொடிக்குள் மூளை அந்த மாற்றத்தைக் குறித்துவிடும். வேலூரில் இது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். காத்திருப்போர் வரிசையில் தமிழுக்குச் சமமாக வங்காளியும் இந்தியும் கேட்கும். ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து உருது பேசுபவர்கள், சித்தூர் பக்கமிருந்து தெலுங்கு பேசுபவர்கள் வருவார்கள். எம்எம்என்-க்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். கோமாவில் இருப்பவருக்குக்கூட எடுக்கலாம். அங்கே அந்த அலை வந்தால், கண்விழிக்க வாய்ப்பு உண்டு என்பதற்கு ஒரு நல்ல குறி.

மொழியை வைத்தே செய்யும் சோதனையும் உண்டு. 1980-இல் குட்டாஸும் ஹில்யார்டும் கண்ட என்400. ‘அக்கா தோசைக்குச் சட்னி தைத்தாள்’ என்று படித்தால், ‘தைத்தாள்’ வந்து 400 மில்லிநொடி கழித்து மூளை துணுக்குறும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் வாக்கியம் முழுக்க எதிர்பார்ப்பைக் கட்டிவைத்துக் கடைசியில் உடைக்கலாம். ஆனால் ஒருவருக்குச் செய்த வாக்கியம் இன்னொரு மொழிக்காரருக்கு உதவாது. ஆகவே நம் மாதிரி ஊரில் இது கொஞ்சம் சிரமம்.

ஸ்கிசோஃப்ரினியாவில் எம்எம்என் குறைவது 1991 முதல் பதிவாகியிருக்கிறது. ஆரோக்கியமானவர்களுக்குக் குறைந்த அளவில் கெட்டமைன் மருந்து கொடுத்தாலும் அதே போலக் குறைகிறது. கெட்டமைன் அடைப்பது என்எம்டிஏ ஏற்பிகளை, முன்பு மூளை அழற்சியில் சொன்னேனே, அவற்றைத்தான். டோபமின் என்ற மூளை வேதிப்பொருளின் பாதை மட்டுமல்ல, என்எம்டிஏ ஏற்பிகள் வாங்கிக்கொள்ளும் குளூட்டமேட்டின் பாதையும் இந்த நோயில் பழுதாகிறது என்ற கருத்துக்கு இது ஒரு வலுவான தூண்.

இப்போது உங்கள் தம்பி கேட்கும் குரல். நாம் பேசும்போது நம் குரல் நம் காதிலும் விழுகிறது. ஆனால் பேசப் போகிறோம் என்ற செய்தியைப் பேச்சுப் பகுதி முன்கூட்டியே செவிப்பகுதிக்கு அனுப்பிவிடுவதால், ‘இது நம்மவன்தான்’ என்று செவிப்பகுதி அடக்கி வாசிக்கும். அளந்தால் தெரியும். சத்தம் வந்து 100 மில்லிநொடியில் வரும் என்100 அலை, அதே குரலை டேப்பில் போட்டுக் காட்டும்போது பெரிதாகவும், நாமே பேசும்போது சிறிதாகவும் இருக்கும். ஜூடித் ஃபோர்டும் அவர் குழுவும் 2001-இல் காட்டியது என்னவென்றால், ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களிடம் இந்த அடக்கம் குறைவு. தன்னிடமிருந்து வருவது தன்னுடையது என்ற முத்திரை சரியாக விழவில்லை. மனத்துக்குள் ஓடும் சொந்தப் பேச்சுக்கும் இப்படி முத்திரை விழாமல் போனால், அது வேறு யாரோ பேசுவது போலக் கேட்காதா? இது இன்னும் கருதுகோள்தான், குரல் கேட்பதன் முழுக் காரணமும் இதுவென்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் தம்பியிடம் “அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை, உன் கற்பனை” என்று சண்டை போடாதீர்கள். அவன் மூளைக்கு அது கேட்கத்தான் செய்கிறது. “உனக்குக் கேட்கிறது என்று தெரிகிறது, எனக்குக் கேட்கவில்லை” என்று சொன்னால் போதும்.

இவ்வளவு தெரிந்த பிறகு ஏன் பரிசோதனையாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறீர்களா? இங்கேதான் சிக்கல். மேலே சொன்ன எல்லாமே கூட்டத்தின் சராசரிகள். பி300-இல், எம்எம்என்-இல் நோயாளிக் குழுவுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஏறக்குறைய 0.9 திட்டவிலக்கம் (ஆட்களின் அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அலகு) என்று வந்தது. மனநல ஆராய்ச்சியில் இது பெரிய எண். ஆனால் இதை ஒருவருக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நோயாளியையும் ஓர் ஆரோக்கியமானவரையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால், நோயாளியின் அலை சிறியதாக இருப்பது நான்கில் மூன்று முறைதான். நான்காவது முறை தலைகீழ். ஆண் பெண் உயர வித்தியாசம் இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படியிருந்தும் ஓர் ஆளின் உயரத்தை மட்டும் சொல்லி ஆணா பெண்ணா என்று கேட்டால் நீங்கள் பந்தயம் கட்டுவீர்களா? உங்கள் தம்பியைப் போல நோய் தொடங்கிய ஓரிரு ஆண்டுகளில் இருப்பவர்களிடம் எம்எம்என் வேறுபாடு இன்னும் சுருங்கிவிடுகிறது. பரிசோதனை மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது மிகக் குறைவாகக் கைகொடுக்கிறது.

அதோடு, பி300 குறைவது இந்த நோயில் மட்டுமல்ல. குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் குறைகிறது. குடிக்கு அடிமையான அப்பாக்களின் மகன்களான, இன்னும் குடித்தே பார்க்காத சிறுவர்களிடமும் குறைந்திருப்பதை 1984-இல் பெக்லைட்டர் காட்டினார். மறதி நோயில் குறைகிறது, மனச்சோர்வில் குறைகிறது. வயதாக ஆக, ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிநொடி தாமதமும் ஆகிறது. ஆக, ‘உங்கள் பி300 குறைவு’ என்ற ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மருத்துவர் எந்த மாத்திரையை மாற்றுவார்?

உங்கள் சொந்தக்காரர் சொல்லும் கலர் படம் பெரும்பாலும் பி300-கூட இல்லை. சாதாரண இ.இ.ஜி.யைக் கம்ப்யூட்டரில் போட்டு, எந்த வேக அலை எங்கே கூட, எங்கே குறைவு என்று சிவப்பும் நீலமுமாகத் தீட்டுவது. ஒப்பிடுவதற்கு உள்ளே வைத்திருக்கும் ‘நார்மல்’ ஆட்கள் பெரும்பாலும் மேல்நாட்டார். தம்பியோ மாத்திரை சாப்பிடுகிறவன். குளோசபின் மாதிரி மருந்துகள் அலையை மெதுவாக்கும். தூக்கத்துக்குத் தரும் பென்சோடயசிபின் வகை, வேக அலையைக் கூட்டும். பாதித் தூக்கத்தில் உட்கார்ந்தாலே நிறம் மாறும். கடைசியில் படம் காட்டுவது மாத்திரையையா, தூக்கத்தையா, நோயையா? இதைத் தவிர்க்க “மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்துக்குப் போகவே வேண்டாம். தேறி வருபவனுக்கு மாத்திரையை நிறுத்துவதுதான் நோய் திரும்ப முதல் காரணம்.

‘பிரெயின் மேப்பிங்’ என்றவுடன் பலருக்கு ஞாபகம் வருவது போலீஸ் விசாரணை. அது பி300-ஐ ஒட்டியதுதான். குற்றத்தோடு தொடர்புள்ள படத்தைக் காட்டினால் தெரிந்தவனுக்கு அலை வரும் என்ற நம்பிக்கை. 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், சம்மதமில்லாமல் இதையும் நார்கோ, பாலிகிராஃப் சோதனைகளையும் யாருக்கும் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மருத்துவத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை, விடுங்கள்.

பொறியியல் படிக்கும் பிள்ளைகள் “செயற்கை நுண்ணறிவு 98 சதவீதம் சரியாகக் கண்டுபிடிக்கிறதே” என்று கட்டுரை எடுத்துக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் நடப்பது இது: சில பத்துப் பேரின் பதிவை ஆயிரம் துண்டாக வெட்டி, அதே ஆளின் சில துண்டுகளைப் பயிற்சிக்கும் சிலவற்றைத் தேர்வுக்கும் வைத்துவிடுவார்கள். கம்ப்யூட்டர் நோயைக் கற்பதில்லை, ஆளை அடையாளம் கண்டுகொள்கிறது. புதிய ஊரில், புதிய கருவியில், முன்பின் பார்க்காத ஆளிடம் சோதித்தார்களா என்று முதலில் கேளுங்கள். அநேகமாகப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

தனி ஆளுக்கு உறுதியாகப் பயன்படும் மூளைப் பதில் சோதனைகளும் இருக்கின்றன. பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா, பார்வை நரம்பு அழற்சிக்கு எடுக்கும் விஇபி எல்லாம் அந்த வகை. அவை நரம்புப் பாதை சரியாக இருக்கிறதா என்று கேட்கின்றன. அந்தக் கேள்விக்கு மில்லிநொடிக் கணக்கில் தெளிவான பதில் உண்டு. மனநோய் அப்படி ஒரே பாதையில் உட்கார்ந்திருக்கவில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மனநோயை இன்றும் பேசிப் பார்த்து, வீட்டாரைக் கேட்டு, மாதக்கணக்கில் கவனித்துத்தான் முடிவு செய்கிறார்கள். அந்தப் பணத்தை மாத்திரைக்கும் போக்குவரத்துக்கும் வையுங்கள். எப்போது குரல் கூடுகிறது, தூக்கம் எப்படி, மாத்திரை எது விட்டுப்போனது என்று ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். எந்தக் கலர் படத்தைவிடவும் மருத்துவருக்கு அது உதவும். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சிஎம்சியின் பாகாயம் மனநல மையம் இருக்கிறது, 1957-இல் தொடங்கியது, சேர்க்கும்போது வீட்டார் ஒருவரும் கூடவே தங்கும் பழக்கம் உள்ள இடம். நடுராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416-க்கு அழையுங்கள், டெலி மானஸ், இலவசம், தமிழில் பேசலாம்.

எங்காவது ஆராய்ச்சிக்காகப் பி300, எம்எம்என் எடுக்கிறோம், கலந்துகொள்கிறீர்களா என்று கேட்டால், தம்பிக்கு விருப்பமிருந்தால் போகலாம். கெடுதல் இல்லை. ஆனால் ஆராய்ச்சிக்கு உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது, சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும், நடுவில் வேண்டாமென்று எழுந்து வந்தாலும் சிகிச்சை பாதிக்கக் கூடாது. முந்தின நாள் ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு, தலைக்கு எண்ணெய் வைக்காமல், வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டே வரச் சொல்லுங்கள்.